உள்வெட்டும் ஒருபக்கம் இழுக்கும் பிளேடும்

மரப்பலகையில் வளைவான வடிவங்களை வெட்டும் ஸ்க்ரோல் சா (scroll saw) என்ற ரம்ப இயந்திரத்தில், ஏறக்குறைய 5 அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருக்க, கோட்டின் போக்குக்கு ஏற்பப் பலகையைத் திருப்பி நகர்த்துவதே நம் வேலை.

அதன் தனிச்சிறப்பு உள்வெட்டில் இருக்கிறது. வடிவத்தின் உள்ளே சிறு துளையிட்டு, பிளேட்டின் ஒரு முனையைக் கழற்றித் துளை வழியே நுழைத்து மீண்டும் பூட்டி இறுக்கினால், விளிம்பிலிருந்து வெட்டி வராமலே பலகையின் நடுவில் ஒரு பூவிதழை எடுத்துவிடலாம். முனையில் குறுக்கு ஊசி இல்லாத பிளேடுகள் மிகச் சிறிய துளைக்குள்ளும் நுழையும் என்பதால், நுணுக்க வேலைக்கு நான் அவற்றையே பரிந்துரைப்பேன்.

புதியவர்களைக் குழப்புவது, நேராகத் தள்ளினாலும் வெட்டு ஒருபக்கமாக விலகுவதுதான். பல பிளேடுகளில், தயாரிப்பின்போது ஒரு விளிம்பில் மட்டும் நுண்ணிய பிசிறு தங்கிவிடுவதால், அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கிறது. ஆகவே பலகையைச் சற்றுக் கோணலாகப் பிடித்துத் தள்ளப் பழக வேண்டும். இதற்காகப் பிளேட்டைக் குறைசொல்லி மாற்றுவது (பலரும் செய்வதுதான்) வீண்செலவு. ஆனால் பிளேடு தளர்ந்திருந்தாலோ, அவசரப்பட்டு அழுத்தினாலோ, அது வளைந்து வெட்டுமுகம் செங்குத்தாக அமையாது. கெட்டியான மரம் கருகினால், மேற்பரப்பில் பேக்கிங் டேப் ஒட்டி வெட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் கருகல் குறைந்துவிடும்.