முப்பது ரூபாய் சோப்பு முட்டையும் மூவாயிரம் ரூபாய் டாக்சியும்

கொடைக்கானலுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கேமராவைத் திறந்தால் பாதிப் படங்கள் சோப்பு முட்டைகள், அதாவது சோப்புநீரை ஊதினால் பறக்கும் குமிழிகள். அதனால் வரிசைக்கு நான் பொறுப்பில்லை.

முதலில் பேருந்து. வத்தலகுண்டில் எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை. ஜன்னல் கண்ணாடி மூடவே மூடாது. டம்டம் பாறை தாண்டியதும் குளிர்காற்று நேராகக் காதுக்குள் போனது. முன்சீட்டில் ஒரு அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தார், பெருமாள்மலைக்குள் அதுவும் தோற்றுவிட்டது. டிக்கெட் மலிவு என்பதால் இதற்கு மேல் புலம்ப மாட்டேன்.

டாக்சிக்கு மட்டும் கட்டாயம் புலம்புவேன். “பன்னிரண்டு ஸ்பாட், மூவாயிரம், எல்லாம் சேர்த்து மேடம்” என்றார் டிரைவர். அந்தப் பன்னிரண்டில் இரண்டு இடங்கள் சாக்லேட் கடைகள். தூண் பாறையில் 400 அடி உயரத்துக்கு மூன்று பாறைகள் நிற்கின்றனவாம். எனக்குத் தெரிந்தது கம்பி வேலியும் வெள்ளைப் பனியும்தான். பசுமைப் பள்ளத்தாக்கிலும் அதே வெள்ளை. பனி விலகுமா என்று கேட்டேன். “விலகும் மேடம், ஆனா வெயிட்டிங் சார்ஜ் தனி” என்றார். ‘எல்லாம் சேர்த்து’ அங்கேயே முடிந்துபோனது. இறக்கிவிடும்போது முந்நூறு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டுதான் போனார். பட்ஜெட்டில் இரண்டு வேளைச் சாப்பாடு காலி.

எரிச்சலோடு ஏரிக்கரைக்கு வந்தேன். 1863-இல் வெட்டப்பட்ட ஏரி, சுற்றி நடக்க ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், காசு எதுவும் கேட்காது. மதியத்துக்கு மேல் மேகம் கொஞ்சம் கிழிந்து வெயில் எட்டிப் பார்த்தது. சைக்கிள் வாடகைக்கு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அண்ணன் சோப்பு முட்டை விட்டுக்கொண்டிருந்தார். துப்பாக்கி மாதிரி இருப்பது 250 ரூபாய், ஊதுகிற பாட்டில் 30. பாட்டிலை வாங்கினேன். பேட்டரியும் சத்தமுமாக இருக்கும் அந்தத் துப்பாக்கி சிறுசிறு முட்டைகளாகக் கொட்டித் தள்ளும். படத்துக்கு ஆகாது. வாயால் மெதுவாக ஊதினால்தான் பெரிசு வரும்.

இங்கே விட்ட முட்டைகள் உடையாமல் ரொம்ப தூரம் போயின. சென்னைக் கடற்கரையில் வெயிலும் காற்றும் சேர்ந்து நாலடிக்குள் தீர்த்துவிடும். சோப்புப் படலத்தில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் படலம் மெலிவதும், கீழ்நோக்கி வடிவதும்தான் முட்டை உடையக் காரணம். 7,000 அடி உயரத்தில், குளிரும் ஈரமுமான காற்றில், ஆவியாவது மெதுவாக நடக்கிறது. காலையில் என் மூவாயிரத்தைக் கெடுத்த அதே பனிதான் மாலையில் முப்பது ரூபாய்க்கு உழைத்தது!

முட்டையில் தெரியும் வானவில் நிறம் சோப்பில் இல்லை. படலத்தின் வெளிப்பரப்பிலும் உட்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்கிறது. படலத்தின் தடிமனைப் பொறுத்து சில நிறங்கள் தூக்கலாகத் தெரியும், சில மறைந்துபோகும். ஊதுகிற வளையத்திலேயே ஒட்டியிருக்கும் முட்டையைக் கவனியுங்கள். சோப்புநீர் வடிய வடிய, நிறங்கள் பட்டை பட்டையாகக் கீழே இறங்கும். உச்சி வெளிறி, பிறகு நிறமே இல்லாமல் கறுக்கும். கறுத்துவிட்டால் உடையப் போகிறது என்று அர்த்தம், உடனே கிளிக் செய்துவிட வேண்டும். நியூட்டன் இந்தக் கரும்புள்ளியை 300 வருடத்துக்கு முன்பே உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். அவருக்கு டாக்சி வாடகைக் கவலை இல்லை.

படம் எடுக்க நினைப்பவர்களுக்கு: வெயில் முட்டைக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரட்டும். பின்னணி இருட்டான மரங்களாக இருக்கட்டும். வானத்தைப் பின்னணியாக வைத்தால் நிறம் கரைந்துபோகும். ஆட்டோ ஃபோகஸ் முட்டையை விட்டுவிட்டு அக்கரை படகைப் பிடிக்கும், எனவே கையால் ஃபோகஸ் செய்து, முட்டை அந்தத் தூரத்துக்கு வரும்வரை காத்திருங்கள். எனக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி சரியாக இருந்தது. போனில் என்றால் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வரிசையாகச் சுட வேண்டியதுதான்.

பிறகு திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே முட்டைக்குள் ஏரிக்கரை இரண்டு முறை இருக்கும், ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. முன்பக்கம் குவிந்த கண்ணாடி, பின்பக்கத்தின் உள்ளே குழிந்த கண்ணாடி. தூண் பாறை பார்க்காத வருத்தம் அப்போதே போய்விட்டது.

நான் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி முட்டையைப் பிடிக்கக் கை நீட்டினார். பட்டதும் உடைந்தது. “கையை நனைச்சுக்கிட்டுப் பிடிங்க பாட்டி” என்று அந்த அண்ணன் பாட்டில் நீரைக் கொஞ்சம் ஊற்றினார். ஈரக் கையில் முட்டை அப்படியே உட்கார்ந்துகொண்டது. பாட்டி பேரனைக் கூப்பிடவில்லை, தானே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டுவிட்டு கையை மட்டும் படம் எடுத்தேன். கேட்காமல் அடுத்தவர் குழந்தைகள் பின்னால் கேமராவோடு ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது.

அப்புறம் பசி. ஏழு ரோடு பக்கம் ஒரு அக்கா மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். நான் வாணலியையே பார்த்ததும், “நுரை அடங்கட்டும்மா, அப்பதான் வெந்திருக்கும்” என்றார். மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறும் குமிழிகள்தானே அவை! தண்ணீர் குறையக் குறைய அவையும் குறையும். அந்தக் குளிரில் அந்த பஜ்ஜி… நாலு தின்றேன், சட்னி இரண்டு தடவை வாங்கினேன். இந்தப் பயணத்தில் நியாயமான விலைக்குக் கிடைத்த இரண்டாவது பொருள்.

தங்குமிடம் பற்றி எழுதவில்லை, சுமாரான ரூம், சுடுதண்ணீர் காலையில் மட்டும். இன்னொன்று: கேமரா துடைக்கும் துணி இரண்டு கொண்டுபோங்கள். உடைந்த முட்டையின் சோப்புத் துளி லென்ஸில் காய்ந்தால், சட்டை நுனியால் தேய்த்து எடுக்க முடியாது.