ஒளிச்சிக்கு ஒரு வீடு

இடமாற்றக் கடிதம் வந்தபோது கையில் ஆறு வாரம் இருந்தது. வீட்டுச் சாமான்களை யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற லொறி பிடிப்பது ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிட்டது. பூனைக்கு இடம் பிடிக்கத்தான் ஐந்து வாரம் போனது. நான் தங்கப்போகும் அக்காவின் வளவில் இரண்டு நாய்கள். நாய் குரைத்தாலே மூன்று வீடு தள்ளி ஓடுகிறவளை அங்கே கொண்டுபோக முடியாது.

அவளுக்கு ஒளிச்சி என்று பெயர். கிளிநொச்சியில், கரடிப்போக்கில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் விறகுக் கொட்டிலில் ஒரு மாரியில் வந்து ஒதுங்கினாள். சாம்பல் வரி, கிழிந்த இடது காது. வரும்போதே முழு வளர்ச்சி. கூடைக்குள் தினமும் சூடை மீன் வைத்து, அவள் தானாக உள்ளே போய்ச் சாப்பிடப் பழகிய பிறகு, பதினோராம் நாள் மூடியைச் சாத்தி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அங்கே நின்றவர்கள் எல்லாரும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வந்தவர்கள். பூனையோடு வந்த என்னைப் பார்த்து ஒரு ஐயா, "இதற்கும் காய்ச்சலா?" என்று கேட்டார். கருத்தடையும் விசர்நோய்த் தடுப்பூசியும் முடிந்தன. அதன் பிறகும் இரண்டு வருடத்தில் நான் அவளைத் தடவியது மொத்தமாக நாலைந்து தரம் இருக்கலாம்.

கேட்ட இடமெல்லாம் ஒரே பதில். "குட்டி என்றால் தாருங்கள்." வளர்ந்த பூனை என்றதும் முகம் சுருங்கும்; பெட்டை என்றதும் இன்னும் சுருங்கும். ஒன்பது வாரத்தில் குட்டி போட்டு, பால் கொடுக்கும்போதே அடுத்த சினைக்கு ஆயத்தமாகிவிடும் பிராணி என்பதால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கருத்தடை செய்தாயிற்று என்று சொன்னால் சிலர் யோசித்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணா தன் பங்குக்கு, "சாக்கில் கட்டிச் சந்தையடியில் விடுங்கள், மீன் தலை தின்று பிழைத்துக்கொள்ளும்" என்றார். சந்தையடியில் பிழைப்பது நாய்களோடு மல்லுக்கு நிற்கக்கூடிய கடுவன்கள். இவள் ஒரு கிழமை தாங்கமாட்டாள்.

இரண்டாம் வாரம் பரந்தனில் ஒரு குடும்பம் கிடைத்தது. அங்கே நான் ஒரு பொய் சொன்னேன். "கொஞ்சம் கூச்சம், இரண்டு நாளில் சரிவந்துவிடும்." நல்ல மனிதர்கள், பிள்ளைகள் மூன்று பேர். ஆசையில் விறாந்தையிலேயே கூடையைத் திறந்தார்கள். அவள் சுவரில் ஏறி, ஓட்டு இடுக்கால் வெளியே போய்விட்டாள்.

ஐந்து இரவுகள். பாடசாலை முடிந்து, இருட்டிய பிறகு பரந்தனுக்குப் போய் அந்தத் தெருவில் நின்று அவளுடைய எனாமல் கோப்பையைக் கரண்டியால் தட்டினேன். கோயில் மணி அடிக்கிறவளைப் போல என்னைச் சனம் பார்த்தது. ஐந்தாம் இரவு பத்து மணிக்கு மேல், நான்காம் வீட்டு விறகு அடுக்குக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அது மியாவ் அல்ல. காய்ந்த கதவு திறக்கிற மாதிரி ஒன்று. விலா எலும்பு தெரிந்தது. பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் கிடந்தால் ஈரல் கெட்டுவிடும் என்று வைத்தியர் திட்டினார். எனக்கு அது தேவைதான்.

பிறகு ஆசிரியர் அறையில் அவளைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லத் தொடங்கினேன். மடியில் ஏறாது. தூக்க விடாது. ஆள் வந்தால் கட்டிலுக்குக் கீழே. சாப்பாடு இரவில்தான். உடன் படிப்பிக்கும் ஒரு டீச்சர் சிரித்துவிட்டு, வட்டக்கச்சியில் தனியாக இருக்கும் தன் மாமியிடம் இதை அப்படியே சொல்லியிருக்கிறார். "அப்படியென்றால் என்னைக் கரைச்சல்படுத்தாது, கொண்டுவரச் சொல்லு" என்றாராம் மாமி.

இந்த முறை முதலில் நான் மட்டும் போனேன். இரணைமடு வாய்க்கால் பாயும் வயல் ஊர். வீட்டோடு ஒட்டிய அறையில் நெல் மூடைகள். கிணற்றுக்குக் கட்டு உண்டா, நாய் உண்டா என்று பார்த்தேன். மூடைகளுக்குப் பின்னால் எலிமருந்துப் பொட்டலம் கிடந்தது. மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் உள்ளே இரத்தம் கசிந்து அதுவும் சாகும். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், செத்த எலி ஏதும் கிடக்கிறதா என்று மூலை மூலையாகத் துழாவினார். பொட்டலங்களை அன்றே குழி தோண்டித் தாட்டார். ஒரு மாதத்தில் ஒத்துவராவிட்டால் எனக்கே திருப்பித் தர வேண்டும், எங்கேயும் விடக்கூடாது என்று கேட்டேன். "நான் ஏன் பிள்ளை விடப்போகிறேன்?" என்றார். கொஞ்சம் கோபம்தான்.

ஐந்தாம் வாரம், ஒரு சனிக்கிழமை விடியப்புறம், கூடையைத் துணியால் மூடி ஆட்டோவில் ஏற்றினேன். கூடவே நான் தோய்க்காமல் வைத்திருந்த பழைய படுக்கை விரிப்பு, மணல் நிரப்பிய தாச்சி, அந்த எனாமல் கோப்பை. யன்னலுக்கு வலை அடித்த சின்ன அறை ஒன்றில் கூடையைத் திறந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம். அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்: அவளைத் தேடாதீர்கள், பார்க்காதீர்கள்.

அவருக்கு அது கஷ்டமாகவே இருக்கவில்லை. பின்னேரங்களில் அந்த அறை வாசற்படியில் இருந்து சுளகில் அரிசி புடைத்தார். முதல் இரண்டு நாள் கோப்பை தொடப்படாமல் கிடந்தது. நான் தொலைபேசியில் அழாக்குறை. மூன்றாம் நாள் காலை கோப்பை வெறுமை. ஒன்பதாம் நாள், சுளகுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒளிந்த இடத்தை விட்டு வெளியே வந்து சாப்பிட்டாள். நான்கு கிழமை உள்ளேயே வைத்திருந்து, பிறகு ஒரு பின்னேரம் சாப்பாட்டுக்கு முன், பசியோடு, கதவைத் திறந்துவிட்டார். கோப்பையைத் தட்டியதும் திரும்பி வந்துவிட்டாளாம். அப்போது நான் யாழ்ப்பாணத்தில்.

மூன்று மாதம் கழித்து ஒரு பை நெத்தலிக் கருவாட்டோடு போனேன். கோப்பையைத் தட்டினேன். மேல் மூடைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு வரி வால் உள்ளே இழுபட்டது, அவ்வளவுதான்.

"எலி பிடிக்கிறாளா அம்மா?"

"பிடித்து நான் காணவில்லை. ஆனால் மூடை ஓட்டையாவதில்லை." அவர் தேநீரை நீட்டிக்கொண்டே மூடைப் பக்கம் திரும்பினார். "குறை நினைக்காதே பிள்ளை. வெளியாட்கள் வந்தால் அவள் இப்படித்தான்."