எண்ணெய் உறைந்த மதியம்

ஆடிச் சாரலில் உதகையில் கால்பந்துப் போட்டி வைக்க வேண்டாம் என்று ஆலோசனைக் கூட்டத்தில் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. தேதி முடிவாகிவிட்டது என்றார்கள். பெண்கள் கிளப் அணிகளுக்கான தகுதிச் சுற்று. நான்கு அணிகள், மூன்று நாள், ஒரே மைதானம். மேலே போக ஒரே ஓர் இடம்.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் எனக்கு அங்கே நான்காவது நடுவர் வேலை. விசில் என்னிடம் இருக்காது. கோட்டுக்கு வெளியே நின்று ஆள் மாற்றும் சீட்டை வாங்குவேன், எண் பலகையைத் தூக்குவேன், பயிற்சியாளர்கள் கத்தினால் கேட்டுக்கொள்வேன். ஆட்டத்துக்கு முன் ஷூ அடியைத் தடவிப் பார்ப்பதும், நகை நட்டு இல்லாமல் களத்துக்கு அனுப்புவதும் என் பொறுப்பு. கடைசி வேலைதான் தலைவலி. ஆண்கள் ஆட்டத்தில் ஒரு கயிறு, ஒரு காப்போடு முடிந்துவிடும். பெண்களிடம் தோடு, கொலுசு, மெட்டி என்று ஒரு வரிசை. நான் கையை நீட்டும் முன்பே கழற்றிப் பையில் போட்டுவிடுவார்கள், பழகியவர்கள்.

அந்த நான்கு அணிகளில் சமவெளியிலிருந்து வந்த அணி ஒன்று. 2019இல் மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கியதிலிருந்து நம் பக்கத்துச் சின்ன கிளப்புகளுக்கும் ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. இவர்கள் பஸ்ஸில் பாட்டு முழங்க வந்து இறங்கினார்கள். முதல் நாளே அடி. உதகை 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிந்த இடத்தில் தூக்கி அடித்த பந்து சமவெளியில் விழுவதைவிடச் சற்றுத் தள்ளித்தான் விழும். அவர்களுடைய கோல்கீப்பர் வழக்கம்போல் இரண்டடி முன்னால் வந்தாள். பந்து தலைக்கு மேலே போய் வலைக்குள் விழுந்தது. அந்த ஒரு கோலில் தோற்றார்கள். மறுநாள் ஜெயித்தார்கள்.

கடைசி நாள் கணக்கு இப்படி: முதல் ஆட்டத்தில், அதுவரை ஒரு புள்ளிகூட எடுக்காத அணி ஆட வேண்டும். அது தோற்றால் இவர்கள் தங்கள் ஆட்டத்தை ஜெயித்தும் பயனில்லை. அது ஜெயித்தது. இவர்கள் ஓரத்தில் நின்று தொண்டை கட்டக் கத்தினார்கள். இனி ஜெயித்தால் இவர்கள்; சமனானால் எதிரணி. எதிரணிக்கும் அது தெரியும், அங்கேதான் எனக்குக் கோபம். 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தேவையான கணக்கைத் தெரிந்துகொண்டு ஆடி அல்ஜீரியாவை வெளியேற்றிய பிறகு, பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துவது என்று மாற்றினார்கள். நமக்கு இரண்டாவது மைதானத்துக்கு எங்கே போவது?

ஆட்டம் இரண்டு மணிக்கு. ஒன்றரைக்குச் சோதனை. அதே கோல்கீப்பர் என் முன்னால் வந்து நின்றாள், மூக்கில் புதிய மூக்குத்தி. முந்தைய இரண்டு நாளும் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். மேலே டேப் ஒட்டியிருந்தாளாம். சளிக்கு ஒட்டியது என்று நான் நினைத்திருக்கிறேன். நகையை டேப்பால் மறைப்பதையும் விதி ஏற்கவில்லை. அணி மேலாளர் என்னிடம் மன்றாடினார். எனக்கு விதியில் சந்தேகமே கிடையாது; பந்து முகத்தில் பட்டுத் திருகு உள்ளே கிழித்ததை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாளே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும், அது மட்டும்தான் உறுத்தல்.

“கழற்ற வரவில்லை அக்கா. குத்தி இரண்டு மாதம்கூட ஆகவில்லை” என்றாள். குளிரில் மூக்கு சிவந்து வீங்கி, திருகு அசையவில்லை. எண்ணெய் விட்டால் இளகும். மேலாளர் பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தார். கவிழ்த்தால் ஒரு சொட்டு வரவில்லை. உதகைக் குளிரில் வெள்ளையாக, கல்லாக உறைந்திருந்தது. கேட் பக்கம் டீ விற்கும் அம்மாள் பாட்டிலைப் பிடுங்கிக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் ஆவியில் காட்டினார். ஓரம் இளகி, ஒரு கரண்டி எண்ணெய் கிடைத்தது. அந்த அம்மாளே அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, விரலால் தடவி, “மூச்சை இழுக்காதே கண்ணு” என்று சொல்லித் திருகினார். கண்ணீர் வழிந்தது, திருகும் வந்தது. பத்திரமாக வையுங்கள் என்று என் கையில் கொடுத்தாள். ஆள் மாற்றும் சீட்டு ஒன்றில் மடித்து, மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. நடுவர் மைய வட்டத்தில் நின்று இரண்டு கோல் வலையும் தெரியும்வரை காத்திருந்தார், நாற்பது நிமிடம். பிறகு நடந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எதிரணி ஒவ்வொரு எறிதலுக்கும் பந்தைத் துடைத்துத் துடைத்து நேரம் கடத்தியது. நடுவர் கூட்டிய ஆறு நிமிடத்தை நான் பலகையில் காட்டினேன். கோல்கீப்பர் இந்த முறை இரண்டடி பின்னால் நின்று, உயரத்தில் வந்த எல்லாவற்றையும் பிடித்தாள். கோல் விழவில்லை, இரு பக்கமும். அவர்கள் பஸ் இருட்டுவதற்கு முன் மலையிறங்கிவிட்டது.

இரவு அறைக்கு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ‘பிற நிகழ்வுகள்’ என்ற இடத்தில் ‘ஏதுமில்லை’ என்று எழுதிவிட்டுப் பையைத் துழாவினால் சீட்டு கையில் தட்டுப்பட்டது. மேலாளருக்கு போன் செய்தேன். மூக்குத்தியைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், அதுவரை துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி ஒன்றை நறுக்கிச் செருகி வைக்கச் சொல்லுங்கள் என்றேன்.

“அப்போதே செருகிவிட்டாளே மேடம். டீக்கடை அம்மா துடைப்பத்திலிருந்து ஒடித்துக் கொடுத்து அனுப்பினார்கள்” என்றார்.