ஆரல்வாய்மொழி: நிற்காமல் கடந்துபோகும் வாசல்

ஆட்டோவுக்கு 300 ரூபாயாம்! குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியில் இறங்கினால் காற்றாடிமலை கண்ணெதிரே நிற்கிறது. வெளியூர் முகம் என்று தெரிந்தால் இப்படியா? நாள் செலவே 500-க்குள் முடிக்க நினைத்து வந்தவன் நான். "எதுக்கு மக்களே ஆட்டோ, இந்தா தெரியுதுல்லா, நடந்து போ" என்றார் பெட்டிக்கடைப் பாட்டா. நடந்தேன்.

அப்புறம்தான் காற்று பிடித்தது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில் விழுந்த இடைவெளி இது. ஆடி மாதம் தென்மேற்குக் காற்று இதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நெல்லைப் பக்கம் பாய்கிறது. பக்கத்து முப்பந்தல் ஊர் முழுக்கக் காற்றாலைகள் நிற்பதும் இதனால்தான். பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும்.

மலையில் மணியடிச்சான் பாறை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்து அரண்மனை அதிகாரி, கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளை 1752 ஜனவரி 14-இல் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த மலையில்தான். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் உயிர் பிரிந்தபோது பாறை மணியாக ஒலித்தது என்பது ஊர் நம்பிக்கை. சின்னக் கல்லால் தட்டிப் பார்த்தேன். ணங்கென்று வெண்கலச் சத்தம்! மறுபடி மறுபடி தட்டினேன்.

மத்தியானம் சாப்பாடு: தேங்காய் அரைத்த மீன் குழம்பு, மரவள்ளிக்கிழங்கு மசியல், கடைசியில் ஒரு மட்டி வாழைப்பழம். 120 ரூபாய். ஆட்டோவில் மிச்சம் பிடித்த காசு சரியான இடத்துக்குப் போனது.

சரி, வரலாறு. திருவிதாங்கூரின் கிழக்கு வாசல் இதுதான். மலைக்கு மலை மதில் எழுப்பிக் காத்தார்கள். 1809-இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளம்பியபோது, அவர்களுடைய கர்னல் செயின்ட் லெஜரின் படை இங்கே வந்து நின்றது. நேரே மோதினால் நடக்காது. பிப்ரவரி 10 விடியுமுன், மேஜர் வெல்ஷின் ஆட்கள் இருட்டில் தெற்கு மலையில் தொற்றி ஏறி, மேலிருந்து இறங்கி அடித்தார்கள். வாசல் விழுந்ததும் நாட்டுக்குள் வழி திறந்துவிட்டது. அந்தச் செங்குத்துச் சரிவை நேரில் பார்த்தால்தான், இருட்டில் ஏறியவர்களை எண்ணி உடம்பு சிலிர்க்கிறது.

அதைச் சொல்ல ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை, அதுதான் ஆத்திரம். நெடுஞ்சாலையில் கார்கள் குமரிமுனையை நோக்கிப் பறக்கின்றன. கன்னியாகுமரிக்குப் போகிறவர்களே, ஒரு அரைமணி இங்கே இறங்குங்கள். நாகர்கோவில் வடசேரியிலிருந்து பஸ் உண்டு, ஆட்டோ வேண்டாம்.