டாக்டரும்தான்

"இது நீ கேக்கதா மக்களே, இல்ல டாக்டர் கேக்கதா?"

அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான். கன்னத்தில் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் தாண்டியிருந்தது. பேச்சு குழறும். அதனால் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழியில்லை. "டாக்டரும்தான் அம்மா" என்றேன். டாக்டரிடம் அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

மூன்று வருடம் ஆகிறது. அந்த 'உம்' இன்னும் தொண்டையில் நிற்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்காரர்களுக்குக் கரண்டு வைக்கத் தேதி கொடுக்கும் மேஜை அப்போது என் பொறுப்பில் இருந்தது. நாங்கள் ரேடியேஷன் என்போம். பாறசாலையிலிருந்து வந்தாலும் கருங்கலிலிருந்து வந்தாலும் ஜனங்களுக்கு அது கரண்டுதான். மெஷினுக்கு ஒரு பாகம் வர வேண்டியிருந்து, ஒன்பது நாள் நின்றுபோயிற்று. மறுபடி ஓடத் தொடங்கும்போது காத்திருப்போர் பட்டியல் இரண்டு பக்கம். எது அவசரம் என்று டாக்டர் குறித்துக் கொடுப்பார். ஒரே குறி உள்ளவர்களுக்குள் யார் முன், யார் பின் என்பதை மேஜையில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். எழுதிவைத்த சட்டம் ஒன்றும் கிடையாது. அப்படித்தான் நடந்துவந்தது.

அந்த அம்மாவுக்குத் திங்கட்கிழமை தேதி. அதே குறியுள்ள இன்னொரு பெரியவருக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை. பெரியவருடைய மகன் சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தார். மேஜைமேல் விரலை ஊன்றி எண்ணிக் காட்டினார். திங்கட்கிழமையிலிருந்து எண்ணினால் லீவு 41 நாள். 30 தடவை கரண்டு, சனி ஞாயிறு கிடையாது. திங்கட்கிழமை தொடங்கினால் நாற்பதாவது நாள் முடியும். வியாழன் என்றால் முடியாது. அவர் போய்விட்டால் அப்பாவைத் தினமும் கூட்டிவர ஆள் இல்லை. இதை முதலில் பொறுமையாகத்தான் சொன்னார். பிறகு சத்தம் போட்டார். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும் சத்தம்.

அவருடைய கணக்கில் தப்பில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்லுவேன். பாதியில் நின்றுபோகும் கரண்டு எவ்வளவு கெடுதி என்று இந்த வேலையில் இருக்கிற யாருக்கும் தெரியும். ஆனால் அவர் சத்தம் போடாமல் அதே கணக்கைச் சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேனா? எழுந்திருப்பேன் என்று சில ராத்திரி தோன்றும். சில ராத்திரி தோன்றாது.

இன்னொன்றும் உண்டு. திங்கட்கிழமை தேதியுள்ளவர்கள் அந்தப் பட்டியலில் நாலு பேர். நாலு பேரில் நான் நேராகப் போனது ஃபேனுக்குக் கீழே பெஞ்சில் பைபிளோடு உட்கார்ந்திருந்த இவரிடம். ஏன் என்று என்னையே கேட்டால் பதில் உடனே வருகிறது. இவர் கோபப்படமாட்டார்.

முப்பது வருடம் முந்திரி உடைக்கும் அண்டி ஆபீஸில் வேலை செய்தவர். வெற்றிலையும் போயிலையும் அந்த இருப்பில் பழகியது. ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் முதல் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. கரண்டு வைக்கும்போது தலை அசையாமலிருக்க முகத்துக்கு மாஸ்க் எடுக்கும் அன்றைக்கு நான் கூட இருந்தேன். சல்லடை மாதிரி இருக்கும் அந்த ஷீட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, சூட்டோடு முகத்தில் அழுத்தி, அது இறுகும்வரை அசையாமல் படுக்க வேண்டும். அதற்குள் கை கால் உதறுகிறவர்கள் நிறையப் பேர். இவர் கை இரண்டையும் நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தார். எழுந்த பிறகு, நாற்பதாம் சங்கீதம் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார். 'கர்த்தருக்காகப் பொறுமையுடன் காத்திருந்தேன்' என்று தொடங்குகிற சங்கீதம். எனக்கு அன்றைக்கு அது பெரிய சாட்சியாக இருந்தது. மறுநாள் காலை ஜெபத்தில் பெயர் சொல்லாமல் அதைச் சொல்லவும் செய்தேன். அந்தச் சாட்சியைத்தான் பத்து நாள் கழித்து எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டேன். "அம்மா, உங்க தேதிய அடுத்த வியாழனுக்கு மாத்தினா பொறுக்க முடியுமா?"

அப்போதுதான் அந்தக் கேள்வி. நீயா, டாக்டரா?

"டாக்டரும்தான்."

"அப்ப செரி மக்களே." பைபிளில் விட்ட இடத்தைத் தேடி எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டரிடம் மாற்றத்தைச் சொன்னேன். ஃபைல்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே "சரி" என்றார். ஆக, சாயங்காலத்துக்குள் நான் சொன்னது உண்மையாகிவிட்டது. கொஞ்ச நாள் இப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த அம்மா கேட்டது மத்தியானம். வாய்ப் புற்றுக்கு ஆபரேஷன் ஆனால் ஆறு வாரத்துக்குள் கரண்டு தொடங்குவது நல்லது என்பது டாக்டருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். திங்கட்கிழமை அவருக்கு 37ஆவது நாள். வியாழக்கிழமை 47. டாக்டரிடம் நான் பெரியவரின் லீவுக் கணக்கைச் சொன்னேன். அம்மாவின் நாள் கணக்கைச் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதாவது, அப்படித்தான் நினைக்கிறேன்.

யோவான் ஐந்தாம் அதிகாரம் எங்கள் சபையில் வாசிக்கும்போது இப்போது எனக்குத் தலை குனிகிறது. முதலில் இறங்குகிறவனுக்குச் சுகம் கிடைக்கும் பெதஸ்தா குளத்தருகே, 38 வருஷம் வியாதியாய் இருந்தவன், நான் இறங்குகிறதற்குள் வேறொருவன் முந்திவிடுகிறான் என்கிறான். சிறுவயதிலிருந்து எத்தனையோ பிரசங்கம் இதில் கேட்டிருக்கிறேன். அவனுடைய விசுவாசம், அவனுடைய சோர்வு, எல்லாம் பேசுவார்கள். முந்தினவனுக்கு வழிவிட்டவன் யார் என்று ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் சோமர்வெல் டாக்டரைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன கூட்டத்தில் இருந்தவர், அது முடிந்து குமரி மாவட்டத்து நெய்யூருக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் லண்டனில் வேலை பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. அடுத்தவர் காத்திருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. சண்டே ஸ்கூலில் கேட்ட கதைதான். காத்திருக்கிறவர்களுக்குப் பொறுமை வேண்டும், காக்க வைக்கிறவனுக்கு அந்தப் பொறுமை ஆகாது என்று அதை வைத்து எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். சொல்லும்போது சரியாக இருக்கிறது. மேஜைக்கு முன் இரண்டு பேர், இருப்பது ஒரு இடம் என்று வரும்போது அது எனக்கு ஒன்றும் சொல்லித் தருவதில்லை. பெரியவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் இன்றைக்கு அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேனோ என்னவோ.

அந்த அம்மா முப்பதும் முடித்தார். வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சித் தண்ணிகூட இறங்காத நாட்களிலும் ஒருநாள் தவறவில்லை. கடைசி நாள் ஒரு பையில் மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னதுதான் என்னை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது.

"அந்தப் பத்து நாள் டாக்டர் தந்தாரில்லியா மக்களே, அது எனக்குத் தேவையாட்டு இருந்தது. அதுவர பயம். சிரிச்சிட்டு இருந்தேன், உள்ள ஒரே வெப்ராளம். வீட்டில சும்மா இருந்த அந்தப் பத்து நாள்ல பயம் பைய விட்டுப்போச்சு. கர்த்தர் தந்த நாளாக்கும். டாக்டர்கிட்ட ஒரு நன்றி சொல்லிரு."

சொல்கிறேன் என்றேன்.

நான் பார்த்து வியந்த அமைதி, மாஸ்க்குக்குள் கிடந்த அந்த அமைதி, அப்போது அவரிடம் இருக்கவே இல்லை. அதை நம்பித்தான் அவரிடம் போனேன். பிறகு வந்த அமைதியோ, நான் பறித்த நாட்களில் அவருக்குக் கிடைத்தது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? நீங்கள் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக மாற்றினார் என்று, தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மாரிடம் யோசேப்பு சொல்கிறான். அதை யோசேப்பு சொல்லலாம். அவன் அண்ணன்மார் சொல்ல முடியாது. ஒரு போதகரிடம் இதைப் பெயர் சொல்லாமல் பேசினேன். தேவன் உன்னையும் உபயோகித்தார் என்று ஆறுதல் சொன்னார். வீடு வந்து சேரும்வரை ஆறுதலாகத்தான் இருந்தது.

அவர் நன்றாக இருக்கிறார். ரிவியூவுக்கு வருகிறார், எடை கூடியிருக்கிறது. பத்து நாளால் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் யாரும் என்னைக் கேட்கவுமில்லை. தேதி மேஜையிலிருந்து நான் மாறி ஒரு வருடமாகிறது. இப்போது இருக்கும் பிள்ளையிடம், எதை மாற்றினாலும் டாக்டரிடம் நாள் கணக்கோடு கேட்டு எழுதி வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று அவள் கேட்டாள். நல்லதுக்குத்தான் என்று நிறுத்திக்கொண்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை அந்த அம்மாவுக்கு ரிவியூ. இந்தத் தடவை டாக்டர் அறைக்குள் நானே கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். போனால், அந்தப் பத்து நாளுக்கு அவரே வாய்விட்டு நன்றி சொல்வார். எதற்கு அம்மா என்று டாக்டர் கேட்பார்.