காதை யாரும் அட்மிட் செய்வதில்லை

நைனா "இன்னாது?" என்று கேட்பதை நிறுத்தியபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு மூன்று வருடமாக எதைச் சொன்னாலும் "இன்னாது, இன்னாது" என்று திரும்பத் திரும்பக் கேட்பார், நாங்களும் கத்துவோம், டிவி சத்தம் எதிர்வீடு வரைக்கும் போகும். அப்புறம் ஒருநாள் கேட்பதை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்ட ஆரம்பித்தார். என் பெண் போய் "தாத்தா, எனக்கு ஜுரம்" என்றால் "நல்லது கண்ணு, நல்லது" என்பார்.

அவருக்கு 74 வயது. பெரம்பூர் பின்னி மில்லில் தறி ஓட்டியவர், 1996-ல் மில் மூடுகிற வரைக்கும். வீவிங்கில் பக்கத்தில் நிற்கிறவன் பேசினால் காதில் விழாது, வாயசைவையும் கையையும் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்களாம், காதுக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டால் கழிவுப் பஞ்சைச் சுருட்டி வைத்துக்கொள்வோம் என்கிறார். சத்தத்தால் வரும் காது கேளாமை, அவர் வேலை பார்த்த காலத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அறிவிக்கப்பட்டிருந்த தொழில்நோய்தான். ஆனால் மூடிய மில்லின் எந்த வாசலில் போய் நின்று கேட்பது?

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்ற பரிசோதனை, எடுத்தோம். ஒரு சின்ன அறை, காதில் ஹெட்போன், சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். நைனா பட்டனைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், மில் பழக்கம். அவள் சிரித்துவிட்டு "தாத்தா, சுவரைப் பாருங்க" என்று திருப்பி உட்கார வைத்தாள். வலது காதில் 54 டெசிபல் கேட்கும் திறன் போயிருக்கிறது, இடதில் 57. மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் அதிகம் போயிருக்கின்றன, அதனால்தான் பேசுவது கேட்கிறது, ஆனால் என்ன சொல் என்று பிடிபடுவதில்லை. வயதும் மில்லும் சேர்ந்து செய்த வேலை. இதற்கு ஆபரேஷன் எல்லாம் கிடையாது, மிஷின்தான் என்றாள்.

எனக்கு முதலில் தோன்றியது அரசு உதவி. அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலாவது போயிருந்தால்தான் கேட்புத்திறன் குறைந்தவர் என்ற வகைக்குள் வருவார். நைனா இடது காதில் மூன்று டெசிபலில் ஃபெயில், வலதில் ஆறில். மூத்த குடிமக்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017-லிருந்து இருக்கிறது, மாத வருமானம் 15,000-க்குள் இருந்தால் காது மிஷினும் தருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் முகாம் வைத்துத் தருவார்கள், அது எப்போது என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுக்கு எங்கள் குடும்ப வருமானம் அதிகம், வருடம் 1,20,000-க்கு மேல்.

சரி, எப்படியும் நைனாவுக்குத் தனியாக ஒரு மெடிக்கல் பாலிசி எடுக்க வேண்டும் என்று இருந்தோம், அதிலேயே காதையும் சேர்த்துவிடலாம் என்று ஏஜெண்டைக் கூப்பிட்டேன். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே "காது, மூக்கு, தொண்டை எல்லாமே கவர் ஆகும் சார்" என்றார். அந்த வார்த்தையில் பொய் இல்லை. அதுதான் சிக்கலே.

கம்பெனியின் பளபளப்பான நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டு, முழு பாலிசி வாசகத்தை அனுப்பச் சொல்லி இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன் (தம்பு செட்டித் தெருவில் கிளியரிங் ஆபீஸில் இருபது வருடமாக பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்குச் சீட்டுகளைப் படிக்கிறவனுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை). காதில் ஆபரேஷன் என்றால் பணம் உண்டு, செவிப்பறையைச் சரிசெய்கிற டிம்பனோபிளாஸ்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் செய்கிற மாஸ்டாய்டு எல்லாம் இருக்கிறது, அதுவும் பாலிசி போட்டு 24 மாதம் கழித்து. ஆனால் வயதான காதுக்குத் தேவைப்படுவது ஆபரேஷன் இல்லை. அதற்கு வேண்டியது மூன்று: பரிசோதனை, மிஷின், அதை அடிக்கடி சரிசெய்து கொடுக்க ஒரு ஆள். பரிசோதனை ஓபி, படுக்கையில் சேராமல் எடுப்பது, அதனால் கிடையாது. சரி, சேர்ந்து எடுக்கலாமே என்றால், வெறும் பரிசோதனைக்காக அட்மிட் ஆனால் கிடையாது என்று அதற்கும் ஒரு விலக்கு. மிஷின், மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து ஒரே வரியில் விலக்குப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் காப்பீடு என்பதே படுக்கைக்கான காப்பீடு, காதை யார் அட்மிட் செய்கிறார்கள்?

நியூஜெர்சியில் இருக்கும் பெரியப்பா மகனிடம் புலம்பினால், அங்கேயும் வயதானவர்களுக்கான அரசின் மெடிகேரில் காது மிஷினுக்குப் பணம் கிடையாது என்கிறான்.

விடவில்லை நான். இன்னொரு கம்பெனியின் உயர்ந்த வகை பாலிசியில் காது மிஷினும் இருந்தது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, விலையில் பாதி, அதிகபட்சம் 10,000. எனக்குச் சொன்ன பிரீமியம், சாதாரண பாலிசியைவிட வருடத்துக்கு 11,000 கூட. மூன்று வருடத்தில் 33,000 கட்டி 10,000 வாங்குவது. அந்தக் கூடுதல் காசுக்கு வேறு சில வசதிகளும் வருகின்றன, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் காதுக்காக என்று அதை வாங்கினால் ஏமாளி நாம்தான். இன்னொன்றில் ஓபிக்கு ஒரு ரைடர், தனியாகக் காசு கட்டிச் சேர்த்துக்கொள்கிற வசதி, இருந்தது, டாக்டர் ஃபீஸும் டெஸ்டும் மட்டும்.

கடைசியில் இரண்டையும் பிரித்துவிட்டேன். படுக்கைக்கு ஒரு சாதாரண 5 லட்சம் பாலிசி. 65 வயதுக்கு மேல் புதிதாக எடுக்க முடியாது என்று இருந்த வரம்பை 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எடுத்துவிட்டது, 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது, முன்பு 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம். விண்ணப்பத்தில் பிபி, சுகர், காது மூன்றையும் எழுதினேன். "காதை எதுக்கு சார் எழுதுறீங்க, தேவையில்லாம லேட் ஆகும்" என்றார் ஏஜெண்ட். நாளைக்கு கிளெய்ம் வரும்போது அவரா வந்து பதில் சொல்லப் போகிறார்? ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதானே. பாலிசி கைக்கு வந்த பிறகும் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க 30 நாள் இருக்கிறது, அந்த 30 நாளில் விலக்குப் பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

காதுக்கு தபால் ஆபீஸ் ஆர்டி, மாதாமாதம் கட்டுகிற சேமிப்பு. மாதம் 1,500, ஐந்து வருடம், 6.7 சதவீத வட்டியில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பக்கம் வரும். ஒரு மிஷினும் ஏறக்குறைய ஐந்து வருடம்தான் உழைக்கிறது, அதனால் இது முதிரும்போது அடுத்த ஜோடிக்கு ஆகிவிடும். முதல் ஜோடியை மட்டும் கையிலிருந்து வாங்கினோம், 56,000. காது மிஷினுக்கு ஜிஎஸ்டி இல்லை, பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால் நின்று கேளுங்கள். பேட்டரி பட்டாணி அளவு, பின்னால் பழுப்பு ஸ்டிக்கர், ஸ்டிக்கரை உரித்தாலே காற்றுப் பட்டு வேலை செய்ய ஆரம்பித்துவிடும், ஒரு வாரம் வரும். இரண்டு காதுக்கும் சேர்த்து வருடம் நாலாயிரம் பக்கம். இதெல்லாம் எந்தப் பாலிசியிலும் வராத செலவு, ஆனால் நிச்சயமாக வருகிற செலவு.

வாங்கும் முன் ஒரு வாரம் வீட்டுக்குக் கொடுங்கள் என்று அடம்பிடித்தேன், கொடுத்தார்கள். நைனா அதைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குப் போனார், பத்து நிமிஷத்தில் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஐஸ் உடைக்கிற சத்தம் மண்டைக்குள் இறங்குதாம். அந்தச் சட்டை மறுநாள் துணிமூட்டையோடு வாஷிங் மெஷினுக்குள் போகப் பார்த்தது, அம்மா பையைத் தடவிப் பார்த்ததால் 56,000 தப்பித்தது. அதிலிருந்து ஒரு சின்ன டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சுகிற உருண்டை, ராத்திரி கழற்றினால் அதில்தான் வைக்க வேண்டும். கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இது கட்டாயம், வியர்வையும் உப்புக்காற்றும் மிஷினைத் தின்றுவிடும். கடைக்கு மூன்று தடவை நடந்து ட்யூன் செய்த பிறகுதான் அவருக்குப் பழகியது. இந்த ட்யூனிங் எத்தனை வருடம் இலவசம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கினேன்.

போன வாரம் ஹாலில் நின்று ஏஜெண்டோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன், முதல் பிரீமியம் 41,000 எப்படிக் கட்டுவது என்று. நான் மெதுவாகத்தான் பேசினேன். உள்ளே கட்டிலில் படுத்திருந்த நைனா எழுந்து உட்கார்ந்தார்.

"நாப்பத்தோராயிரமா? வேணாம்னு சொல்லு அவன்கிட்ட."