ஒரு சென்சருக்காகப் பஞ்சிகாவத்தைக்கு மூன்று தடவை

9,500 ரூபா கொடுத்து வாங்கிய ஒட்சிசன் சென்சர் ஒன்று என் மேசை லாச்சியில் கிடக்கிறது. நல்ல சாமான்தான், பழுது எதுவும் இல்லை. என் காருக்கு ஆகாது, அவ்வளவுதான்.

என்னுடையது ஒரு பழைய ஜப்பான் கார். காலி வீதி நெரிசலில் லீற்றருக்குப் பதினொன்று, பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தது எட்டுக்கு இறங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். செக் எஞ்சின் லைட் எரிந்த பிறகுதான் வீட்டுக்குப் பக்கத்துக் கராஜுக்குப் போனேன். அங்கே இருந்தவர் பொனற்றைத் திறந்து பற்றறி வயரைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துப் பூட்டினார். லைட் அணைந்தது. 1,500 ரூபா. மூன்றாம் நாள் லைட் திரும்பி வந்தது. ரேடியோதான் திரும்பி வரவில்லை. பற்றறியைக் கழற்றினால் சில ஜப்பான் ரேடியோக்கள் தாமாகப் பூட்டிக்கொண்டு கோட் கேட்கும். அதைத் திறக்க வேறொருவருக்குத் தனியாகக் காசு.

இதற்கிடையில் காரின் வருடாந்த வரிப் பத்திரம் முடிய இரண்டு வாரம். அதைப் புதுப்பிக்க இன்சூரன்ஸும் புகைச் சோதனை பாஸும் வேண்டும். இன்சூரன்ஸ் கையில் இருந்தது, புகைச் சோதனையில் மாட்டிக்கொண்டேன். சும்மா ஓடவிட்டும், பிறகு 2,500 சுற்று வரை ஏற்றியும் சைலன்சருக்குள் குழாயை விட்டுப் பார்த்தார்கள். கார்பன் மொனொக்சைட் அளவு கூட. பெயில்.

திரும்பவும் அதே கராஜ். (ஏன் போனேன் என்று கேட்காதீர்கள்.) இந்த முறை, ‘கற்றலிக் கன்வேர்ட்டர் அடைத்துவிட்டது, வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம், பழையதை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள்’ என்றார். கூலி வேண்டாம் என்று ஒரு கராஜ்காரர் சொன்னால் கவனமாக இருங்கள். புகையைச் சுத்தப்படுத்தும் அந்தப் பெட்டிக்குள் பிளாட்டினம், பலேடியம், றோடியம் எல்லாம் இருக்கிறது. அதை வெட்டி எடுத்தால் புகை இன்னும் மோசமாகும், பாஸ் பண்ணவே முடியாது.

ஒரு வழியாக, அலுவலக நண்பன் கையடக்க ஸ்கேனர் ஒன்றைக் கொண்டுவந்து செருகினான். பி0135 என்று பழுதுக் கோட் ஒன்று வந்தது. முன்பக்கத்து ஒட்சிசன் சென்சரின் ஹீற்றர் சேர்க்யூட். இந்தச் சென்சர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும், அதனால் உள்ளேயே சின்ன ஹீற்றர் வைத்திருப்பார்கள். அது போனால் புகையில் ஒட்சிசன் எவ்வளவு என்று கம்பியூட்டருக்குச் சரியாகத் தெரியாது. குத்துமதிப்பாகப் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். எரிபொருள் செலவும் பெயில் துண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்கின்றன.

சரி, நோய் தெரிந்துவிட்டது, மருந்து வாங்கினால் போதும் என்று, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். முதல் தடவை போயா (பௌர்ணமி விடுமுறை) நாள். மனைவி சொன்னாள், நான் கேட்கவில்லை. தெரு முழுக்க சட்டர் இழுத்துக் கிடந்தது.

இரண்டாம் தடவை, கார் மொடலைச் சொன்னதும் ஒரு கடைக்காரர் ரீகண்டிஷன் சென்சர் ஒன்றை எடுத்து வைத்தார். நாலு வயர். பிளக்கும் அச்சொட்டாக அதேதான். “பூட்டினால் சரி தம்பி.” பூட்டினேன். கார் ஐடிலில் நடுங்க ஆரம்பித்தது, லைட்டும் எரிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தால், கரண்ட் சாமான் ஒருதரம் பூட்டினால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். பில்லின் அடியில் எறும்பு எழுத்தில் அதுவும் இருந்தது. இதோடு மூன்று தடவை.

விஷயத்தை விளக்கியவர் தெமட்டகொடையில் சின்னக் கராஜ் வைத்திருக்கும் ஒரு நானா. என் காரில் முன்னால் இருப்பது சாதாரண ஒட்சிசன் சென்சர் இல்லை, ஏர் ஃபியூவல் சென்சர். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, வேலை வேறு. ஒட்சிசன் சென்சர் பெற்றோல் கூடவா குறைவா என்று மட்டும் சொல்லும், ஏர் ஃபியூவல் சென்சர் எவ்வளவு கூட என்றும் சொல்லும். டொயோட்டாக்காரர்களுக்கு ஒரு சுலப வழி: பார்ட் நம்பர் 89465 என்று தொடங்கினால் ஒட்சிசன், 89467 என்றால் ஏர் ஃபியூவல். மற்றக் கம்பனிகளுக்கு நம்பர் வேறு. எப்படியோ, பெட்டியில் அச்சடித்ததை நம்பாமல் சென்சரின் உடம்பில் பொறித்திருப்பதை வாசியுங்கள். நான் பழையதைத் துடைத்துப் பார்த்திருந்தால் 9,500 மிச்சம்.

நானா உடனே சாமான் வாங்கச் சொல்லவில்லை. முதலில் ஹீற்றரின் பியூசைப் பார்த்தார், அது சரி. பிறகு பழைய சென்சரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர்களுக்கு மீற்றர் வைத்தார். அவைதான் ஹீற்றர் வயர்கள், சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டவில்லை. உள்ளே அறுந்துவிட்டது. பெற்றோலில் ஊறவைத்துக் கழுவிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “அறுந்த பல்பைக் கழுவினா பத்துமா?” என்றார்.

நம்பரை அவரே போனில் ஒரு கடைக்குச் சொல்ல, இரண்டு நாளில் புதியது வந்தது. 31,000. வலித்தது. தப்பான சென்சரைக் கழற்ற எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, வயர் நுழையப் பக்கத்தில் வெட்டுள்ள 22 மில்லிமீற்றர் சொக்கற்றைப் போட்டார். குளிர்ந்த எஞ்சினில் மல்லுக்கட்டினால் மரை போய்விடுமாம். புதியதின் மரையில் கிறீஸ் பூசியே வரும், அது நுனியில் படக்கூடாது.

லைட் அணைந்தது, இம்முறை பற்றறியைத் தொடாமல். சோதனையில் பாஸ், பிரதேச செயலகத்தில் அரை மணி நேரத்தில் வரிப் பத்திரம். நேற்றுப் பெற்றோல் அடித்துக் கணக்குப் பார்த்தேன், லீற்றருக்குப் பதினொன்றரை.

லாச்சியில் கிடப்பது யாருக்காவது வேண்டுமென்றால் 5,000க்குத் தருகிறேன். ஆனால் வரும்போது உங்கள் பழைய சென்சரைக் கழற்றிக் கையில் கொண்டு வாருங்கள். பூட்டிய பிறகு திருப்பி எடுக்க மாட்டேன்.